ராஜா கொடுத்த ஒரு நாள்

மட்டாஞ்சேரியில் எந்த வழிகாட்டி வாயைத் திறந்தாலும் கொச்சி ராஜாக்களின் பெருந்தன்மைதான் கொட்டும். கோவாவில் போர்த்துக்கீசியருக்கு அஞ்சி ஓடிவந்த கொங்கணிகளுக்கு இடம் கொடுத்தார்கள். அவர்கள் திருமலை தேவசுவம் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். யூதர்களுக்கு அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார்கள். 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்துக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். குஜராத்திச் சேட்டுகள் கடை போட்டார்கள். போர்த்துக்கீசியர் 1503இல் கோட்டை கட்ட இடம் கேட்டார்கள், கிடைத்தது. டச்சுக்காரர்கள் கேட்கவில்லை, 1663இல் எடுத்துக்கொண்டார்கள். அதையும் ராஜா பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

கப்பலில் வந்தவனுக்கெல்லாம் நிலம் கொடுத்த அந்தக் கை, நிலத்திலேயே பிறந்து, நிலத்திலேயே உழைத்து, நிலத்தோடு சேர்த்தே விற்கப்பட்ட புலயருக்கும் ஒன்று கொடுத்தது. நிலம் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு நாள். ஆண்டுக்கு ஒரு நாள்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் பல்லுருத்தி. அங்கே அழகியகாவு பகவதி கோயில். தனு மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அங்கே நடக்கும் சந்தைக்குப் புலவாணிபம் என்று பெயர். ஐதிகம் இப்படிப் போகிறது: புலயர்கள் பகவதியைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள், கொச்சி ராஜா மனம் இரங்கினார், ஆண்டில் ஒரு நாள் கோயில் பக்கம் வந்து தொழுதுகொள்ள அனுமதித்தார். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பாய், கூடை, முறம், கருவாடு என்று தாங்கள் செய்ததையும் பிடித்ததையும் சுமந்து வந்து விற்றார்கள். வழிபாடும் வியாபாரமும் ஒன்றாகி விழாவாயிற்று. இன்றும் கொச்சி மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வாங்குகிறார்கள். நாளிதழ்கள் ஆண்டுதோறும் படம் போடுகின்றன. “நல்லிணக்கம்”, “பாரம்பரியம்” என்று தலைப்பும் கொடுக்கின்றன.

சந்தை நல்ல சந்தை. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வயிற்றெரிச்சல் அந்த “மனம் இரங்கினார்” மீதுதான்.

ராஜசபையில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்துபார்க்கிறேன். “மகாராஜா, இரண்டு நாளாகக் கொடுத்துவிடலாமா?” என்று இளகிய மனசுக்கார அமைச்சர் ஒருவர் கேட்டிருப்பார். “அம்மா தாங்கமாட்டாள்” என்று கோயிலின் தலைமைக் குருவான தந்திரி கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். மகிஷனையும் தாருகனையும் கிழித்துப் போட்டவள், பேரண்டத்தையே வயிற்றில் சுமப்பவள், ஒரு புலயப் பெண் கைகூப்பி நிற்பதை மட்டும் இரண்டாவது நாள் தாங்கமாட்டாள். தேவியின் உடல்நிலை அவ்வளவு மென்மை. ஆகவே கணக்கு முடிந்தது: ஒரு நாள் உனக்கு, மீதி 364 நாளும் வெளியே நில். லீப் வருடத்தில் மட்டும் கதவுக்கு ஒரு நாள் கூடுதல் வேலை.

ஒருவன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து காட்டினால் அவனுக்குத் திருடன் என்று பெயர். அதையே கிரீடம் வைத்தவன் செய்தால் கருணாமூர்த்தி. பூட்டியவன் யார் என்று எந்த ஐதிகமும் பேசாது. திறந்தவர் பெயருக்கு மட்டும் நிலவிளக்கு ஏற்றுவார்கள். இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தச் சந்தைக்கு வரும் முறத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். மூங்கிலை ஆள் வெட்டிச் சுமந்து வர வேண்டும். கணுவைத் தட்டிப் பிளந்து, கத்தியால் சீவிச் சீவி, காகிதம்போல மெல்லிய பட்டை எடுக்க வேண்டும். பட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. பின்னுகிறவர் விரல் நுனியில் தழும்பு இல்லாமல் இருக்காது. பின்னி முடித்து விளிம்பு கட்டி இறுக்கும்போது இரத்தம் கசிந்தால் துணியில் துடைத்துவிட்டு அடுத்த முறத்தை எடுப்பார்கள். தாழம்பாயும் அப்படித்தான்: மடலின் முள்ளை வார்ந்து எடுத்து, கீறி, காயவைத்து, அதன் பிறகே பின்னல். இப்படிப் பின்னிய முறம் பெரிய வீட்டுக்குப் போகிறது. அதில்தான் அரிசி புடைக்கிறார்கள். அந்த அரிசிதான் பகவதிக்கு நைவேத்தியம். முறத்துக்குத் தீட்டு இல்லை. பின்னிய கைக்கு உண்டு.

அரிசியின் கதையும் அதுவே. கொச்சியைச் சுற்றிய உப்பங்கழி வயல்களில் விளைவது பொக்காளி நெல். கடல் உப்பையே தாங்கி வளரும் நெல் என்று இன்று புவிசார் குறியீடு கொடுத்துக் கொண்டாடுகிறோம். நெல்லுக்கு உப்பைத் தாங்கும் குணம் இருந்தது சரி. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று வரப்பு கட்டி, கதிர் அறுத்த புலயனின் தோலுக்கு என்ன குறியீடு கொடுத்தார்கள்? கொச்சி அரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1854இல். அதுவரை வயலை விற்றால் ஆளும் கூடவே கைமாறினான். கொச்சித் துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மிளகோடு மனிதரையும் கப்பலேற்றினார்கள். இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கும் போனார்கள். கொச்சியின் வாசனைத் திரவிய வரலாறு என்று பேசும்போது இந்த வாசனையை மட்டும் யாரும் முகர்வதில்லை.

இன்னொரு அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொடுத்ததே போர்த்துக்கீசியர்கள்தாம். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ராஜாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். பெயரே டச்சு அரண்மனை ஆகிவிட்டது. மாட்டிறைச்சி தின்னும் பறங்கி எழுப்பிய சுவர், பறங்கி வேய்ந்த கூரை. அதன் முற்றத்தில்தான் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதி வீற்றிருக்கிறாள். பறங்கிச் சுவர் பகவதியைத் தீட்டாக்கவில்லை. பக்கத்து யூதர் ஆலயத்தின் மணியோசையும் தீட்டாக்கவில்லை. ஆனால் அவளுக்குப் படைக்கும் சோற்றை விளைவித்தவனுக்கு, எந்தச் சாதிக்காரனிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவு இருந்தது. தூரத்தை அளக்கும் கலையில் கொச்சி அரசு உலகத்துக்கே முன்னோடி.

அந்த அரண்மனை இன்று தொல்லியல் துறை அருங்காட்சியகம். ராஜாவுக்கு முடிசூட்டிய கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சுற்றித் திரிகிறார்கள். இராமாயணச் சுவரோவியம் தீட்டிய பள்ளியறைக்குள் டிக்கெட் வாங்கிய எவரும் போய்வரலாம். ராஜாவின் படுக்கையறையைத் திறப்பதற்கு ஒரு குடியரசு போதுமாக இருந்தது. கருவறை வாசலுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

கருணையின் எல்லை எவ்வளவு என்பதற்கு 1913ஆம் ஆண்டைப் பாருங்கள். கொச்சிப் புலயர்கள் ஒன்றுகூடிப் பேச விரும்பினார்கள். சீர்திருத்தவாதி பண்டிதர் கருப்பன் துணை நின்றார். கூடுவதற்கு இடம்? ராஜாவின் மண்ணில் புலயருக்குக் கூட்டம் போட உரிமை இல்லை. தனியார் நிலம் கொடுத்தால் கொடுத்தவன் பாடு தீர்ந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எறணாகுளம் காயலுக்குப் போனார்கள். மீன்பிடி வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, மேலே பலகை பரப்பி, தண்ணீருக்கு நடுவில் மாநாடு நடத்தினார்கள். மண் ராஜாவுடையது, தண்ணீருக்குப் பட்டா போட மறந்துவிட்டாரே! காயல் சம்மேளனம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. தன் குடிமக்கள் கூடிப் பேச ஒரு சாண் தரை கொடுக்காத அரசின் பெருந்தன்மையைத்தான் நாம் கோயில் சந்தையில் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

“அது பழைய காலம், எல்லா ராஜாவும் அப்படித்தான்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். பக்கத்துத் திருவிதாங்கூர் 1936 நவம்பர் 12ஆம் தேதி கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அங்கேயும் மனசு மாறி ஒரே இரவில் திறக்கவில்லை. வைக்கம் தெருவில் அடி வாங்கியவர்கள், பெரியார் உட்படச் சிறைக்குப் போனவர்கள், கிறித்தவத்துக்குப் போய்விடுவோம் என்று எச்சரித்த ஈழவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளித்தான் அந்தக் கதவு அசைந்தது. அப்போது கொச்சி ராஜா என்ன செய்தார்? திருவிதாங்கூர்க் கோயில்களே தீட்டுப்பட்டுவிட்டன, அங்கே பூசை செய்தவர்கள் என் கோயிலுக்குள் வரக்கூடாது என்றார். தாழ்த்தப்பட்டவரை விலக்கியது போதாமல், அவர்களை விலக்காத நம்பூதிரியையும் விலக்கினார். காந்தி தம் ஹரிஜன் இதழில் கொச்சியின் தீண்டாமையைக் கண்டித்து எழுதினார். ராஜா அசையவில்லை. கொச்சிக் கோயில்கள் எல்லாருக்கும் திறந்தது 1947–48இல், வெள்ளைக்காரனே மூட்டை கட்டிய பிறகு. அந்தச் சமயத்திலும் சேந்தமங்கலத்தில் பாலியம் தெருவில் நடப்பதற்காக மாதக்கணக்கில் சத்தியாகிரகம் நடக்க வேண்டியிருந்தது, அதில் பங்கெடுத்த ஏ.ஜி. வேலாயுதன் போலீஸ் அடியில் செத்தார். நாடு சுதந்திரமாகியிருந்தது. தெரு இன்னும் ஆகவில்லை.

ஆக, 1936இல் ஒரு நாளை 365 நாளாக மாற்ற ஒரு கையெழுத்துப் போதும் என்று பக்கத்து ராஜா காட்டினார். நம் கருணாமூர்த்தியின் பேனாவில் மை இல்லை.

இந்த ஒரு நாள் வள்ளல்தனம் பல்லுருத்திக்கு மட்டும் சொந்தமில்லை. வடக்கே கொடுங்கல்லூருக்குப் போங்கள். மீன மாதத்துப் பரணி விழாவில் காவு தீண்டல் நடக்கிறது. அன்று சாமியாடும் வெளிச்சப்பாடுகள் வாளோடு ஓடிவந்து கோயிலை வலம் வருவார்கள். எல்லாச் சாதியினரும் கூரையைத் தொடலாம். அதன் பிறகு ஒரு வாரம் நடை அடைப்பு. சுத்தி செய்வதற்கு என்பார்கள். ஒரு நாள் தொட்டதற்கு ஏழு நாள் கழுவல். அந்தத் தேவி யார்? சேரன் எடுத்த கோயிலின் கண்ணகிதான் அவள் என்று நம் தமிழ் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். அரண்மனை வாயிற்காவலனைத் தாண்டிப் போய், அரியணைக்கு முன்னால் நின்று, சிலம்பை உடைத்து நியாயம் கேட்டவள். வாசல் தாண்டியதாலேயே தெய்வமானவளின் வாசலில் காவல் போட்டவர்களை என்னவென்று சொல்வது? பாண்டியனுக்காவது தப்பு தெரிந்ததும் உயிர் போனது.

இன்றைய கேரளம் முன்னேறிவிட்டது என்பார்கள். உண்மைதான். 2017இல் திருவிதாங்கூர் தேவசுவம் போர்டு ஆறு தலித்துகள் உட்பட 36 பிராமணரல்லாதாரை அர்ச்சகராக எடுத்தது, கைதட்டினோம். 2023இல் அப்போதைய தேவசுவம் அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் ஒரு மேடையில் தன் கதையைச் சொன்னார். கண்ணூர் மாவட்டத்துக் கோயில் விழா ஒன்றில் விளக்கேற்ற அழைத்தார்கள். பூசாரி தாமே ஏற்றினார், உதவிப் பூசாரிக்குக் கொடுத்தார், அமைச்சர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். அமைச்சர் எடுக்கவில்லை. நாங்கள் தரும் பணத்துக்குத் தீட்டு இல்லையா என்று அந்த விழாவிலேயே கேட்டார். பூசாரிகள் சங்கம் விளக்கம் தந்தது: அது சாதி இல்லை, பூசைக்கு நடுவில் யாரையும் தொடக்கூடாது என்ற ஆசாரம். மாநிலத்துக் கோயில்களுக்கெல்லாம் பொறுப்பான அமைச்சர், தலித். அவருக்கு எட்டாத தூரத்தில் ஒரு கைவிளக்கு. கார், கொடி, போலீஸ் வண்டி எல்லாம் கொடுத்த அரசியல் சட்டத்தால் ஒரு திரியை மட்டும் கைக்குக் கை மாற்ற முடியவில்லை.

2025இல் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயிலில் மாலை கட்டும் கழகப் பணிக்கு, அரசின் ஆள்சேர்ப்பு வாரியம் தேர்வு வைத்து எடுத்த ஓர் ஈழவ இளைஞர் வந்தார். தந்திரிகள் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். அவரை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அவர் வேலையையே விட்டார். பூவைப் பறித்தவன் யார், நாரைக் கிழித்தவன் யார் என்று எந்தத் தந்திரியும் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் விரலுக்கு மட்டும் குலம் கோத்திரம் வேண்டும்.

இதுவரை மலையாளிகளைத் திட்டியதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் தமிழ் வாசகரே, சிரிப்பைக் கொஞ்சம் அடக்குங்கள். உங்களுக்குத்தான் வருகிறேன்.

கொச்சி ராஜா ஒரு நாள் கொடுத்தார். நம் ஊரில் அந்த ஒரு நாளையும் கொடுக்காத அம்மன் கோயில்கள் எத்தனை? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை. ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். குற்றவாளி அம்மன் என்று முடிவாயிற்று போலும், அவளைத்தான் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். நீதிமன்றம் சொன்ன பிறகு 2024இல் பூசைக்கு மட்டும் திறந்தது. பக்தர்களுக்குத் திறக்க 2025 ஏப்ரல் ஆயிற்று. போலீஸ் காவலோடு தலித்துகள் உள்ளே போனார்கள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. 2024 டிசம்பர் 12. வைக்கத்தில் புதுப்பித்த பெரியார் நினைவகத்தை இரண்டு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக நூறாண்டுக்கு முன் சிறைக்குப் போனவரின் நினைவகம். மாலை, மரியாதை, உணர்ச்சி பொங்கும் உரைகள். அந்த நாளில் மேல்பாதியில் அம்மன், பக்தர் ஒருவரையும் பார்க்காமல் பூட்டுக்குள் இருந்தாள். பெரியாருக்குச் சிலை திறப்பது சுலபம், கதவு திறப்பதுதான் கஷ்டம்.

திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலில் தலித் மக்கள் முதன்முதலாகக் காலடி வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. காந்தி கொல்லப்பட்ட நாள். கலெக்டரும் நூற்றுக்கணக்கான போலீசும் முன்னே போக வேண்டியிருந்தது. அறநிலையத்துறைக் கோயில் அது. பொங்கல் பானையோடு பெண்கள் நடந்த அந்தத் தூரத்துக்கு ஒரு மாவட்ட நிர்வாகமே பந்தோபஸ்து.

மண்டகப்படி என்று நம்மிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. திருவிழாவில் முதல் நாள் இந்தச் சமூகம், இரண்டாம் நாள் அந்தச் சமூகம் என்று பட்டியல். கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறோம், அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். பத்து நாள் திருவிழாவில் ஊரின் ஒரு தெருவுக்கு மட்டும் நாள் இருக்காது. கேட்டால் கலவரம். சாமி அந்தத் தெருவுக்கு வராது, தேர் அந்த முனையோடு திரும்பிவிடும். பறை மட்டும் அந்தத் தெருவிலிருந்து வர வேண்டும். முறத்துக்குத் தீட்டில்லாத மாதிரிப் பறைக்கும் தீட்டில்லை.

ஆக, கொச்சி ராஜாவை நான் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலைக்கு நீங்கள் என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள். வாங்கிக்கொள்ள மாட்டேன். அவர் கஞ்சன். நாம் கஞ்சனைவிடக் கேடு.

புலவாணிபத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடக்கட்டும். அந்தப் பாயும் முறமும் விற்கட்டும், நல்ல விலைக்கு விற்கட்டும். விழா அழைப்பிதழில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். “ராஜா கருணையோடு அனுமதித்த நாள்” என்பதை எடுத்துவிட்டு, “ராஜா 364 நாள் வெளியே நிறுத்திய மக்கள், பகவதியைத் தேடி வந்த நாள்” என்று போடுங்கள். செலவு ஒன்றும் ஆகாது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு வேறு வேலை. அடுத்த திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு ஊர்ப் பெரியவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். மண்டகப்படிப் பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊரில் எந்தத் தெருவின் பெயர் அதில் இல்லையோ, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். அது ஏறும்வரை உங்கள் வரியைக் கொடுக்காதீர்கள்.